காகத்தைப் பற்றி ஒரு பந்தி: சிறு வகுப்புகளில் தகவல் எழுத்தைக் கற்பித்தல்

கொழும்பில் தரம் 4 வகுப்பொன்றுக்குப் பொறுப்பாக இருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: “என் பிள்ளைகளிடம் கதை எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதுகிறார்கள். ஒரு பறவையைப் பற்றியோ, ஓர் இடத்தைப் பற்றியோ, ஒரு தொழிலைப் பற்றியோ தகவல் தரும் கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வாக்கியங்களோடு நின்றுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் எங்கோ மனப்பாடம் செய்ததை அப்படியே எழுதித் தருகிறார்கள். இதை எப்படிக் கற்பிப்பது?” ஆரம்பப் பிரிவில் நீண்ட காலம் கற்பித்தவள் என்ற முறையிலும், பின்னர் இளம் ஆசிரியர்களின் வகுப்புகளைப் பின்வரிசையில் அமர்ந்து பார்த்து வந்தவள் என்ற முறையிலும் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன்.

முதலில் அந்த மூன்று வாக்கியங்களைப் பார்ப்போம். “பசு ஒரு வீட்டு மிருகம். அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது எமக்குப் பால் தரும்.” இதை எழுதும் பிள்ளை வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றின் ஐந்தாம் மாடியில் வளர்வதாக இருக்கும். பசுவைத் தொட்டிராது, பால் கறப்பதைப் பார்த்திராது. அதன் வீட்டில் பால் பெரும்பாலும் மாவாகப் பையிலோ பெட்டியிலோதான் வரும். அந்தப் பிள்ளைக்குப் பசுவைப் பற்றிச் சொல்ல உண்மையில் எதுவும் இல்லை. ஆகவே, சொல்ல வேண்டும் என்று அதற்குக் கற்பிக்கப்பட்டதைச் சொல்லி முடித்துக்கொள்கிறது. வாசிக்கப் போகும் ஆசிரியைக்கும் பசுவுக்கு நான்கு கால் என்பது தெரியும், அது தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். எழுதுபவருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, வாசிப்பவருக்குப் புதிதாக அறிய ஒன்றும் இல்லை என்ற இந்த நிலையில் வளர்ந்தவர்களாலும் மூன்று வாக்கியங்களுக்கு மேல் எழுத முடியாது. எனவே உங்கள் பிள்ளைகளின் குறை எழுத்தாற்றலில் இருப்பதாக நான் கருதவில்லை. எழுதுவதற்கு முன் நடக்க வேண்டிய வேலை நடக்கவில்லை என்றே கருதுகிறேன். தானாகக் கண்டோ கேட்டோ அறிந்த ஒன்று பிள்ளையிடம் இருக்க வேண்டும். அதை இன்னும் அறியாத ஒருவர் வாசிக்கக் காத்திருக்க வேண்டும். இவ்விரண்டும் அமைந்தால் எஞ்சிய கற்பித்தல் மிகவும் இலகுவாகும்.

இதற்கு வெளியே இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் கதையைக் கேட்டும் வாசித்தும் வளர்ந்த அளவுக்குத் தகவல் நூல்களைக் கேட்டு வளரவில்லை. இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் நெல் டியூக் என்னும் கல்வி ஆய்வாளர் பொஸ்டன் நகரையொட்டிய தரம் 1 வகுப்பறைகள் இருபதை அவதானித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அவ்வகுப்புகளில் தகவல் நூல்களோடு செலவிடப்பட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 3.6 நிமிடங்களே என்று கண்டார். கதையின் தொடக்கமும் முடிவும் எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளை ஆயிரம் முறை கேட்டிருக்கிறது. “ஓர் ஊரில்” என்று தொடங்கினால் அடுத்த வாக்கியம் தானாக வருகிறது. தகவல் நூலின் ஓசை அதன் காதில் ஏறவேயில்லை. சுற்றாடல் பாடநூலை நாம் வாசிக்கிறோமே என்று கேட்கலாம். வாசிக்கிறோம், ஆனால் விடையை நினைவில் வைப்பதற்காகவே வாசிக்கிறோம். அதை எழுதியவர் எதை முதலில் சொன்னார், எதைப் பின்னர் சொன்னார், ஏன் அங்கே பந்தியைப் பிரித்தார் என்று ஒருநாளும் கேட்பதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது ஐந்து நிமிடம், ஒரு பறவையைப் பற்றியோ இயந்திரத்தைப் பற்றியோ நன்றாக எழுதப்பட்ட அரைப் பக்கத்தை உரத்து வாசித்துக் காட்டுங்கள். கொழும்பு பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் இத்தகைய நூல்களைத் தேடிப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால், நீங்களே அரைப் பக்கம் எழுதி வாசியுங்கள். ஆசிரியை எழுதியது என்று அறியும்போது பிள்ளைகள் இன்னும் கூர்ந்து கேட்பார்கள்.

இனி, எதைப் பற்றி எழுதச் சொல்வது? சிறியதாக, அருகில் இருப்பதாக, மீண்டும் மீண்டும் போய்ப் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். “எமது நாடு”, “இயற்கை வளங்கள்”, “நீரின் முக்கியத்துவம்” போன்ற தலைப்புகள் பல்கலைக்கழக மாணவரையே திணறச் செய்யும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவை வெறும் சொற்கள். நான் பெரும்பாலும் காகத்திலிருந்தே தொடங்கினேன். கொழும்பில் காகம் இல்லாத பாடசாலை இல்லை. செலவில்லை, சுற்றுலா அனுமதி வேண்டியதில்லை, இடைவேளை மணி அடித்தவுடன் காகங்கள் தாமாகவே வந்துவிடும்.

மூன்று நாட்கள் கட்டுரை எதையும் எழுதவிடாமல், பார்க்கவும் குறித்துக்கொள்ளவும் மட்டும் சொல்வேன். பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதன்று. முதல் நாள் உருவத்தை மட்டும், இரண்டாம் நாள் அது என்ன தின்கிறது, எப்படித் தின்கிறது என்பதை மட்டும், மூன்றாம் நாள் மற்றக் காகங்களோடும் மனிதரோடும் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். பார்த்ததைச் சிறு தாள்துண்டுகளில், ஒரு துண்டில் ஒரு செய்தி என்ற கணக்கில், வாக்கியமாக்காமல் இரண்டு மூன்று சொற்களில் குறித்துக்கொள்ள வேண்டும். “கழுத்து சாம்பல்”, “மணி அடிக்க முதலே வந்தது”, “ஒரு காலில் அல்ல, இரண்டு காலாலும் துள்ளியது” என்று குறிப்புகள் வரும். ஓர் ஆண்டு, வகுப்பில் வாயே திறக்காத சிறுவன் ஒருவன், “காய்ஞ்ச பாண், தண்ணி” என்று எழுதிக் கொண்டுவந்தான். விசாரித்தபோது, காகம் ஒன்று காய்ந்த பாண் துண்டைத் தூக்கிக்கொண்டுபோய், தண்ணீர்க் குழாயடியில் தேங்கியிருந்த நீரில் நனைத்துத் தின்றது என்றான். மற்றப் பிள்ளைகள் நம்பவில்லை. அடுத்த நாள் வகுப்பு முழுவதும் குழாயடியைப் பார்த்துக்கொண்டு நின்றது. காகம் மீண்டும் அதையே செய்தது. பாடநூலில் இல்லாத, ஆசிரியையும் அறியாத ஒரு செய்தி தன்னிடம் இருக்கிறது என்று அந்தச் சிறுவன் உணர்ந்த அந்த நாளிலிருந்தே அவன் எழுதத் தொடங்கினான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பார்த்து அறிய முடியாததைக் கேட்டு அறிய வேண்டும். டொனா ஓகிள் என்பவர் 1986இல் முன்வைத்த மூன்று நிரல் அட்டவணையைப் பல ஆசிரியர்கள் அறிவீர்கள். முதல் நிரலில் எனக்குத் தெரிந்தது, இரண்டாவதில் நான் அறிய விரும்புவது, மூன்றாவதில் நான் கற்றது. நல்ல முறைதான். ஆனால் முதல் நாளே அந்த அட்டவணையைக் கொடுத்தால் நடு நிரல் வெறுமையாக இருக்கும், அல்லது “காகம் என்ன சாப்பிடும்?” என்று விடை தெரிந்த கேள்வியே அங்கே வரும். கொஞ்சம் பார்த்த பிறகே உண்மையான கேள்வி பிறக்கிறது. மூன்று நாள் பார்த்த பிள்ளைகள் “இரண்டு விதக் காகம் இருக்கிறதே, ஏன்?”, “கூட்டில் ஏன் கம்பி இருக்கிறது?”, “சித்திரை வருஷத்துக்கு முன்னால் கூவும் குயிலைக் காகங்கள் ஏன் துரத்துகின்றன?” என்று கேட்பார்கள். நடு நிரலை அப்போது கொடுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் கற்பிக்க வேண்டிய ஒன்றே. தொழில்களைப் பற்றி எழுதிய ஒரு தவணையில், பிள்ளைகள் பெற்றோருடன் போய்க் காலி முகத்திடலில் இறால் வடை விற்பவரிடமும், வெள்ளவத்தைக் கடற்கரையில் மீனவரிடமும், வீட்டுக்கருகில் இருக்கும் தையற்காரரிடமும் பேசிவிட்டு வந்தார்கள். கேள்விகளை முன்கூட்டியே தயாரித்தோம். “உங்களுக்கு இந்தத் தொழில் பிடிக்குமா?” என்ற கேள்விக்கு “ஓம்” என்ற ஒரு சொல்லோடு பதில் முடிந்துவிடும் என்பதை வகுப்பில் நடித்துப் பார்த்து அறிந்துகொண்டு, “காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று மாற்றினோம். கொழும்பில் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வடைக்காரர் சிங்களத்தில் பதில் சொன்னார், தையற்காரர் தமிழும் சிங்களமும் கலந்து சொன்னார், ஒரு பிள்ளையின் தாத்தா ஆங்கிலச் சொற்களை இடையிட்டுச் சொன்னார். மூன்று மொழியில் கேட்டதைத் தமிழில் ஒழுங்காகச் சொல்லிப் பார்ப்பதே பெரிய பயிற்சி. பிள்ளை கேட்ட சொற்களை அப்படியே ஒட்ட முடியாததால், கருத்தைப் பிடித்துத் தன் சொல்லில் வைக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. இந்த வாய்ப்பு நம் நகரத்துப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கிடைக்கிறது. அதை மொழிக்குழப்பம் என்று பார்த்து நாமே வீணாக்கிவிடுகிறோம்.

எழுதுவதற்கு முன் வாயால் சொல்ல வேண்டும். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் தம் தாள்துண்டுகளைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் விளங்காத இடத்தில் மட்டும் “அது எப்படி?” என்று கேட்பார். இரண்டு நிமிடத்தில் இடம் மாறுவார்கள். சத்தம் அதிகமாகத்தான் இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். அதன் பிறகு தாள்துண்டுகளை மேசையில் பரப்பி, ஒன்றோடொன்று சேர்வனவற்றைக் குவியலாக்கச் சொல்லுங்கள். உருவம் ஒரு குவியல், இரை ஒரு குவியல், கூடு ஒரு குவியல். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் வைக்கச் சொன்னால் அதுவே உபதலைப்பு, அந்தக் குவியலே பந்தி. “பந்தி என்பது ஒரே கருத்தைப் பற்றிய வாக்கியங்களின் தொகுதி” என்று வரைவிலக்கணம் சொல்லி விளங்கப்படுத்த முயன்று நான் பல ஆண்டுகள் தோற்றிருக்கிறேன். கையால் குவித்த பிள்ளைக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. எந்தக் குவியலிலும் சேராத துண்டு ஒன்றிரண்டு மிஞ்சும். அவற்றை விட்டுவிடக் கற்பதும் எழுத்தின் ஒரு பகுதியே. அது பிள்ளைகளுக்கு மிகவும் கடினமாக இருக்கும். கண்டுபிடித்த எதையும் கைவிட மனம் வராது.

இதன் பின்னர்தான் எழுத்து. அதையும் உடனே தனித்தனியாக எழுதவிட வேண்டாம். அவுஸ்திரேலியாவின் சிட்னியில் 1980களில் ஜே. ஆர். மார்ட்டின், ஜோன் ரொதரி முதலியோர் எழுத்து வகைகளைப் பாடசாலைகளில் கற்பிப்பதற்கு ஒரு முறையை உருவாக்கினார்கள். முதலில் ஒரு மாதிரியை வாசித்து அதன் அமைப்பைப் பிரித்துப் பார்த்தல், பின்னர் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒன்றை எழுதுதல், அதன் பிறகு மாணவர் தனியே எழுதுதல் என்பது அதன் சாரம். நம் வகுப்புகளில் முதற்படியும் மூன்றாம் படியும் ஒருவாறு நடக்கின்றன. நடுப்படி காணாமற் போய்விடுகிறது. மாதிரிக் கட்டுரையைக் கொடுக்கிறோம், அடுத்த நாள் எழுதிவரச் சொல்கிறோம். இடையில் சேர்ந்து எழுதுதல் இல்லாததால் பிள்ளைக்கு மாதிரியைப் பார்த்து எழுதுவதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை.

சேர்ந்து எழுதுவது என்றால், நான் வெண்கட்டியைப் பிடிக்க வகுப்பு வாக்கியத்தைச் சொல்லும். ஒரு பிள்ளை, “காகம் கூடு கட்டியிருந்தது” என்று சொல்லும். “அந்த ஒரு காகம் மட்டுமா, எல்லாக் காகங்களுமா?” என்று கேட்பேன். “எல்லாக் காகமும்தான், ரீச்சர்.” “அப்படியென்றால் எப்படிச் சொல்வோம்?” சற்று யோசித்துவிட்டு யாராவது “காகம் கூடு கட்டும்” என்பார்கள். “கம்பியெல்லாம் வைச்சிருக்கு” என்று இன்னொருவர் சொன்னால், அதைப் பலகையில் எழுதும்போது எந்த உருவம் பெறும் என்று கேட்பேன். தெரியாததை நானும் சொல்லித் தருவேன். அண்டங்காக்கை என்ற பெயரும், குயில் கூடு கட்டுவதில்லை என்பதும் என்னிடமிருந்து போயின. இப்படி இரண்டு பாடவேளைகளில் ஒரு வகுப்பு எழுதிய பந்தி இது:

“கொழும்பில் இரண்டு வகைக் காகங்களைக் காணலாம். ஒன்றின் கழுத்துச் சாம்பல் நிறமாக இருக்கும். மற்றது உடல் முழுவதும் கறுப்பு. அதன் அலகு தடிப்பாக இருக்கும். அதை அண்டங்காக்கை என்பர். காகம் மரக்கிளைகளில் சுள்ளிகளால் கூடு கட்டும். நகரத்தில் சுள்ளிகளோடு கம்பித் துண்டுகளையும் சேர்த்துக் கட்டும். அந்தக் கூட்டில் சில வேளைகளில் குயிலும் முட்டையிடும். குயில் தனக்கென்று கூடு கட்டாது. ஆகையால் குயிலின் குஞ்சுக்கும் காகமே இரை ஊட்டும்.”

இந்தப் பந்தியின் வினைச்சொற்களைக் கவனியுங்கள். தமிழில் தகவல் எழுத்தைக் கற்பிப்பதன் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. கதை “வந்தது, கண்டது, பறந்தது” என்று இறந்தகாலத்தில் நடக்கும். தகவல் “கட்டும், முட்டையிடும், ஊட்டும்” என்று செய்யும் என்னும் வாய்பாட்டில் நடக்கும். ஒரு முறை நடந்ததைச் சொல்வதற்கும் எப்போதும் நடப்பதைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நம் மொழி இவ்வளவு தெளிவாக வினையிலேயே வைத்திருக்கும்போது, அதை ஏன் தரம் 3இலேயே சொல்லிக் கொடுக்கக் கூடாது? இலக்கணப் பெயர் எதுவும் வேண்டாம். “நேற்று நடந்ததா, என்றும் நடப்பதா?” என்ற ஒரே கேள்வி போதும். பிள்ளைகள் பழக்கமான பழமொழிகளிலும் வீட்டுப் பேச்சிலும் இந்த உருவத்தை நன்கு அறிவார்கள். அறிந்ததை எழுத்தில் அடையாளம் காணச் செய்வதே நம் வேலை.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அஃறிணையில் “காகங்கள் பறக்கிறது” என்று பன்மைக்கு ஒருமை முடிவு கொடுப்பது ஆரம்பப் பிரிவில் மிகப் பரவலான பிழை. பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம் என்பதால் பிள்ளையின் காதுக்கு அது தவறாகக் கேட்பதில்லை. “காகம் பறக்கும், காகங்கள் பறக்கும்” என்று செய்யும் வாய்பாடு ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்பதால், அந்தப் பிழைக்கே இடமில்லாமல் நாலைந்து பந்திகளை எழுதி நம்பிக்கை பெற்றபின், “பறக்கின்றன” என்பதைக் கற்பிக்கலாம். ஆனால் மீனவரைப் பற்றி எழுதும்போது “மீனவர்கள் கடலுக்குப் போகும்” என்று சில பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். மனிதர்கள் “போவார்கள்” என்பதை அந்த இடத்திலேயே எடுத்துக் காட்டுங்கள். உயர்திணை, அஃறிணை வேறுபாடு ஒரு தேவைக்காக வரும்போது மனத்தில் பதிவதுபோல, இலக்கணப் பயிற்சித் தாளில் பதிவதில்லை.

அடுத்தது, அறிந்ததையும் கேட்டதையும் ஊகித்ததையும் பிரித்துச் சொல்லுதல். “வடைக்காரர் காலை நான்கு மணிக்குக் கடலை ஊறவைப்பார்” என்று பிள்ளை எழுதினால், “நீ பார்த்தாயா?” என்று கேளுங்கள். பார்க்கவில்லை. அப்படியானால் “ஊறவைப்பதாக அவர் கூறினார்” என்று வர வேண்டும். தான் யோசித்துக் கண்டது என்றால் “என்று நினைக்கிறேன்” என்று முடிய வேண்டும். தொலைபேசியில் வரும் எதையும் நம்பிவிடும் காலத்தில் வளரும் பிள்ளைகளுக்கு, “இதை யார் சொன்னது?” என்று தம் எழுத்தைத் தாமே கேட்கும் பழக்கத்தை இந்த வயதிலேயே கொடுக்க முடியும் என்பதை நான் மிகுந்த முக்கியத்துவம் உடையதாகக் கருதுகிறேன்.

பேச்சு மொழியிலிருந்து எழுத்து மொழிக்குப் போகும் சிரமத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். “இருக்குது” என்பதை “இருக்கிறது” என்று மாற்றுவதோடு அது முடிவதில்லை. பேச்சில் இரண்டு செய்திகளைக் குரலாலேயே இணைத்துவிடுகிறோம். எழுத்தில் “ஆகையால்”, “எனினும்”, “ஏனெனில்” முதலிய சொற்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே இணைப்புச் சொல்லை எடுத்து, அந்த வாரம் முழுவதும் அதையே வாயால் பயன்படுத்தச் செய்யுங்கள். வரிசைக்கு நிற்கும்போதுகூட, “மழை பெய்தது, ஆகையால் நாங்கள் வெளியே போகவில்லை” என்று சொல்லிப் பார்க்கலாம். எழுத்துப்பிழை, ல-ள-ழ வேறுபாடு, கையெழுத்து ஆகியவை வேண்டியவைதாம், ஆனால் முதல் வரைவில் அவற்றைத் தொட வேண்டாம்.

“மிகவும் அழகானது”, “எனக்கு மிகவும் பிடிக்கும்”, “மிகப் பழமையானது” என்ற வாக்கியங்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தடைசெய்ய வேண்டாம். “எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய்?” என்று கேட்டு, அந்த விடையை அந்த வாக்கியத்தின் இடத்தில் வைக்கச் செய்யுங்கள். காலி முகத்திடல் பழமையானது என்று எழுதிய தரம் 5 மாணவி ஒருத்தி, அங்கே ஒரு நினைவுக்கல் இருப்பதைத் தந்தையோடு போய்க் கண்டுபிடித்தாள். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் தொடங்கி 1859இல் முடிக்கப்பட்ட, அத்திடலின் நடைபாதையைக் கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காகப் பேணும்படி, தமக்குப் பின் வருவோரை அவர் அந்தக் கல்லில் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளுக்காக என்று கல்லில் எழுதியிருப்பதைப் படித்த பிள்ளைக்கு “பழமையானது” என்ற சொல் பிறகு தேவைப்படவில்லை. எண்களும் இப்படியே. கொழும்புத் தாமரைக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 350 மீற்றர் என்று எழுதிவிட்டால் பிள்ளைக்கும் வாசிப்பவருக்கும் எதுவும் தோன்றாது. உயரமான தென்னை ஒன்று 20 மீற்றர் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தால், பதினேழு தென்னைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் கோபுரத்தின் உச்சியை எட்டாது என்பது தெரியவரும். கணித பாடத்தையும் அதே மூச்சில் நடத்திவிடலாம்.

தரம் 1, 2 பிள்ளைகளிடம் பந்தி எதிர்பார்க்க வேண்டாம். படம் வரைந்து உறுப்புகளுக்குப் பெயர் எழுதுவதும், படத்தின் கீழ் ஓரிரு வாக்கியம் எழுதுவதும் முழுமையான தகவல் எழுத்தே. தரம் 3, 4இல் ஒரு பந்தி, பின்னர் இரண்டு. தரம் 5இல் காரணம் சொல்லும் பந்தி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

தரம் 5 என்றதும் புலமைப்பரிசில் பரீட்சை நினைவுக்கு வரும். “இவ்வளவு நேரம் காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாடத்திட்டம் என்னாவது?” என்று பெற்றோர் கேட்பார்கள், அதிபரும் கேட்கலாம். அவர்களின் கவலை நியாயமானது, கோபப்பட வேண்டாம். தனியார் வகுப்பில் நாற்பது மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்த பிள்ளை நாற்பத்தோராவது தலைப்பு வந்ததும் பேனையைக் கடித்துக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நான்கைந்து தலைப்புகளில் மட்டும் முழுமையாக வேலை செய்த பிள்ளை, புதிய தலைப்பைக் கண்டதும் மனத்துக்குள் தாள்துண்டுகளைப் பரப்பத் தொடங்குகிறது. பார்க்கும் வேலையையும் கேட்கும் வேலையையும் சுற்றாடல் பாடவேளையிலும், எழுதும் வேலையைத் தாய்மொழிப் பாடவேளையிலும் வைத்தால் நேரமும் மிஞ்சும். ஆரம்பப் பிரிவில் பெரும்பாலான பாடங்களை ஒரே ஆசிரியர் எடுப்பதால் இந்த வசதி நமக்கு இயல்பாகவே இருக்கிறது.

வீட்டில் தொலைபேசியில் தேடி எடுத்து வருவதை முழுவதும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள். வாசித்தபின் தொலைபேசியையோ புத்தகத்தையோ மூடிவிட்டு, வாசித்ததை அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ சொல்லிக்காட்ட வேண்டும். சொன்ன பிறகே குறித்துக்கொள்ள வேண்டும். அம்மம்மாவுக்கு விளங்காத சொல் பிள்ளைக்கும் விளங்கவில்லை என்பது அந்த இடத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

திருத்துவதைப் பற்றி ஒரு வேண்டுகோள். முதல் வரைவைக் கையில் வாங்கியதும் சிவப்புப் பேனையைக் கீழே வைத்துவிட்டு, வாசகராக ஒரு கேள்வியை மட்டும் ஓரத்தில் எழுதுங்கள். “கூட்டைக் காகம் எத்தனை நாளில் கட்டும்?” என்பது போல, உண்மையாகவே நீங்கள் அறிய விரும்பும் கேள்வியாக அது இருக்கட்டும். பிள்ளை அதற்கு விடை தேடிச் சேர்த்தபின், இரண்டாம் வரைவில் மொழிப்பிழைகளில் ஒரே வகையை எடுத்துத் திருத்துங்கள். முப்பத்தைந்து கொப்பிகளுக்கு ஒரே நாளில் இப்படிச் செய்ய முடியாது. நாளுக்கு ஏழு கொப்பி என்று பிரித்துக்கொண்டால் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் எட்டிவிடலாம்.

கடைசியாக, எழுதியதை வாசிக்க ஆள் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன். அந்த ஆள் நீங்களாக இருந்தால் போதாது, ஏனெனில் நீங்கள் புள்ளி போடுபவர். நாங்கள் தரம் 4 பிள்ளைகள் எழுதியவற்றைப் படங்களோடு தைத்துச் சிறு கைந்நூல்களாக்கி, வெள்ளிக்கிழமைகளில் தரம் 2 வகுப்புக்குக் கொண்டுபோய், எழுதியவரே ஒரு சிறு பிள்ளையின் அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டும்படி செய்தோம். சிறு பிள்ளைகள் தயவு பார்ப்பதில்லை. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்பார்கள். பாணை நனைத்துத் தின்ற காகத்தைப் பற்றி எழுதிய சிறுவன் வாசித்து முடித்ததும், அவனருகில் இருந்த சிறுமி, “ஏன் நனைக்குது?” என்று கேட்டாள். அவனிடம் விடை இல்லை. கைந்நூலை வாங்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பியவன், இடைவேளை முழுவதும் குழாயடியில் நின்றான். பிறகு தன் இருக்கைக்கு வந்து, கடைசி வரியின் கீழ் இப்படிச் சேர்த்தான்: “காகத்துக்குப் பல் இல்லை. நனைத்தால் பாண் மென்மையாகும். அதனால் விழுங்குவது இலகு என்று நினைக்கிறேன்.”